டாக்காரிலிருந்து நைரோபிக்கு

"ரெண்டும் ஆபிரிக்காதானேடா! இஞ்சை லண்டனிலை நோர்பரியிலையிருந்து வால்தம்ஸ்டோவுக்குப் போற மாதிரி ஒருக்காப் போட்டு வாறதுக்கு என்ன?"

தொலைபேசியில் மகன் கிளின்ரன் சிரித்தது கிறிஸ்துநாயகத்துக்கு அறவே பிடிக்கவில்லை. இது சிரிக்கிற விஷயமா? நைரோபியில் இருக்கும் மகள் றூபினியின் தலைப்பிள்ளைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டார்தான் ஞானத்தகப்பனாக நிற்பது அவர்கள் குடும்ப வழக்கம். டாக்காரில் வேலை பார்க்கும் கிளின்ரன் நிற்பான் என்று சம்மந்தி கஸ்பருக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். மகனைக் கேட்காமலே கொடுத்த வாக்கு.

தானே போவதற்கு அவருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. கஸ்பர் இருப்பது இதே லண்டனில், வால்தம்ஸ்டோவில். ஒருநாள் வீடு தேடி வந்து முறையாகச் சொல்லியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் புறாவும் பலூனும் போட்ட அழைப்புப் படமொன்றை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். வாசலுக்கு வந்து அழைக்காத காரியத்துக்குக் கிறிஸ்துநாயகம் போவதா? மகனை அனுப்பினால் முறையும் தவறாது, தன் தலையும் குனியாது.

"அப்பா, டாக்கார் ஒரு கரை, நைரோபி மற்றக் கரைப்பக்கம். ஆறாயிரத்து இருநூறு கிலோமீற்றர். நேரை பறந்தாலே எட்டு மணித்தியாலம். எனக்குக் கிடைக்கிறது மாறிப் போற ஃபிளைட். போக ஒரு நாள், வர ஒரு நாள். திங்கட்கிழமை நான் வேலையிலை நிக்கவேணும்."

"கதை விடாதை."

"டாக்காருக்கு நைரோபியைவிட லண்டன் கிட்ட. தெரியுமே?"

மனைவி இசபெல் போனில் வரைபடத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் கண்டம் சிறுக்கவில்லை.

"லண்டனிலையிருந்து நேரை எட்டரை மணித்தியாலம்," என்றாள் அவள். "ஏன் அந்தப் பிள்ளையை அலைக்கிறியள்? நீங்களே ஏறுங்கோவன்."

அவர் மகனின் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கஸ்பருக்கு அழைப்பெடுத்தார். கிளின்ரனுக்கு வர வசதிப்படாதாம் என்று, கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கினார்.

"அதுக்கென்ன சம்மந்தி," என்றார் கஸ்பர் வெகு இலகுவாக. "எங்கட அண்ணையின்ரை பெடியன் வாறான். அவனை நிப்பாட்டுவம்."

"என்ரை மகளின்ரை தலைப்பிள்ளைக்கு உங்கட பெடியனோ?"

"வேறை ஆரை நிப்பாட்டுறது? நீங்களும் வாறியளில்லை. அப்பா என்னோடை கோவமோ எண்டு றூபினி ரெண்டுதரம் கேட்டுப்போட்டாள். நான் என்னத்தைச் சொல்ல?"

கிறிஸ்துநாயகத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் மகளோடு என்றா அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்? அதையும் இந்த மனிதரின் வாயாலா கேட்கவேண்டும்?

"ஒருத்தரும் வேண்டாம். நானே வந்து நிக்கிறன்."

"சந்தோசம்! நாங்கள் வெள்ளிக்கிழமை போறம். ஒண்டாப் போவமே? கதைச்சுக்கொண்டு போகலாம்."

"தேவையில்லை. நான் சனிக்கிழமை வாறன்."

தொலைபேசியை வைத்ததும், தன் போனில் டிக்கெற் பார்த்துக்கொண்டிருந்த இசபெல் இல்லையென்று தலையை ஆட்டினாள். "சனிக்கிழமை ஒரு சீற்றும் இல்லை. வெள்ளிதான் இருக்கு. கஸ்பரண்ணை போற அதே ஃபிளைட்."

அவர் எழுந்து யன்னல்வரை போனார். திரும்பி வந்தார். எட்டரை மணித்தியாலம், இறங்கி நடக்கவும் இடமில்லை.

"சரி, போடு," என்றார். "ஆனா அந்தாளின்ரை சீற்றுக்கு முன்வரிசையிலை என்ரை சீற்றைப் போடு. அந்தாளுக்குப் பின்னாலை நான் இருக்கமாட்டன்."