சந்தோரினியில் கூகாவுக்கு லீவு

அழைப்பு மணி விடாமல் அடித்தது. குகனேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த துண்டைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ஓடினாள்.

"நான்தான், ருஜ்ஜெரோ. கதவைத் திற, கூகா."

அந்த வீட்டில் அவள் பெயர் கூகா. வந்தவர் வீட்டு எசமானி சின்யோரா எமிலியானாவின் ஒரே மகன். மிலானோவில் வக்கீல். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் பலெர்மோவுக்கு வந்துபோகிற மனிதர், ஓகஸ்ட் வெயிலில் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"யார் செத்தது?" என்று கேட்டபடியே சின்யோரா அறையிலிருந்து வந்தார்.

"ஒருவரும் சாகவில்லை, அம்மா. நானும் உங்களோடு சந்தோரினிக்கு வருகிறேன்."

சின்யோராவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒவ்வொரு கோடையும் தோழி ஒருத்தியோடு அந்தக் கிரேக்கத் தீவுக்குப் போய்வருவார். இந்த வருடம் தோழிக்கு முழங்கால் மடங்கவில்லை. அதனால் வீட்டு வேலைக்கு வரும் குகனேஸ்வரிக்கு அந்த யோகம் அடித்தது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. "நீ என் விருந்தாளியாக வருகிறாய். அங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை" என்று சின்யோரா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கோப்பி போட அடுப்படிக்குப் போனவளின் காதில் மகனுடைய குரல் விழுந்தது.

"ஒக்டோபரில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் மிலானோவுக்கு வருவதுதான் நல்லது. சந்தோரினியில் ஒரு கிழமை இருந்து பார்க்கிறேன். பிறகு முடிவு செய்வோம்."

கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

வீட்டைப் பூட்டினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெசோவை, இத்தாலியில் இருப்பதற்கான அந்த அனுமதியை, புதுப்பிக்க வழியில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். தில்லையம்பலம் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதிவில்லாமல் கோப்பை கழுவுகிறவன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தாள் உன்ரை வேலையைப் பாக்கத்தான் வருகுது" என்றான். "நீ இல்லாட்டி மனுசிக்கு ஒரு அலுவலும் ஓடாதெண்டு அவருக்கு விளங்கோணும்."

"விருந்தாளி எண்டெல்லே சின்யோரா சொன்னவ. கடல்லையும் இறங்கலாமாம்."

"நீ கடல்லை இறங்கினால் கல்லுப்போலை தாழுவாய். அங்கை போய் மகாராணி மாதிரி இருந்தியெண்டால் ரெண்டுபேரும் பெட்டி கட்டவேண்டியதுதான். செய்யிற வேலையைச் செய்து காட்டு."

குகனேஸ்வரி செய்து காட்டினாள்.

சந்தோரினியில் அவர்கள் தங்கிய ஊர் மலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கும் வெள்ளைச் சுவர், நீலக் கதவு. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் முடிவில் கடல். அவள் எதையும் நின்று பார்க்கவில்லை. ஹொட்டேல் பெண் வருவதற்கு முன்பே படுக்கைகளை உதறி விரித்தாள். குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். சின்யோராவின் தட்டில் இருந்த மீனுக்கு முள் எடுத்தாள், செருப்பின் வாரைப் பூட்டினாள், படிக்கட்டுத் தெருக்களில் அவருடைய கையை ஒரு நிமிடமும் விடவில்லை.

"கூகா, இப்படி உட்கார். கடலைப் பார்."

"பார்த்துவிட்டேன், சின்யோரா." குடையை விரித்து அவருடைய தலைக்கு மேல் பிடித்தாள்.

சின்யோராவின் முகம் நாளுக்கு நாள் இறுகியது. வெயில் களைப்பு என்று நினைத்து, குகனேஸ்வரி இன்னொரு தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தாள்.

ஒருநாள் மாலை, சூரியன் மறைவதைப் பார்க்க ஊரே மதில்களில் ஏறியிருந்தது. சின்யோரா கைப்பையை எடுத்துக்கொண்டு, பேக்கரிவரை தனியாகப் போய்வரப் போவதாகச் சொல்லி எழுந்தார். குகனேஸ்வரி பாய்ந்து அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

மகன் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார்.

"பார்த்தீர்களா அம்மா? கூகா பிடிக்காமல் உங்களால் ஒரு படி இறங்க முடியவில்லை. இங்கே இரவும் பகலும் பக்கத்தில் நிற்கிறாள். பலெர்மோவில் அவள் பின்னேரம் தன் வீட்டுக்குப் போனபிறகு யார் இருக்கிறார்கள்? மிலானோதான் சரி."

சின்யோரா தன் முழங்கையில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு குகனேஸ்வரியைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ருஜ்ஜெரோ பார்க்க வந்தது அவளுடைய வேலையை அல்ல, தாயை. இந்த நாலு நாளும் அவளே அந்த வீட்டை ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மெல்லக் கையை எடுத்தாள்.

மறுநாள் காலை சின்யோரா கட்டிலில் குனிந்து செருப்பு வாரோடு மல்லுக்கட்டினார். குகனேஸ்வரியின் விரல்கள் துடித்தன. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"நான் கடற்கரைக்குப் போய்வருகிறேன், சின்யோரா."

"தனியாகவா?"

"ஓம். தனியாக."

சின்யோரா நிமிர்ந்தார். செருப்பு இன்னும் பூட்டப்படவில்லை. "தொப்பி போட்டுக்கொண்டு போ" என்றார்.

பஸ் அவளைக் கறுப்பு மணல் பரவிய கரையில் இறக்கியது. மணல் காலைச் சுட்டது. சுரிதாரோடு முழங்கால்வரை இறங்கினாள். ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறு நிமிடமே மலைப் பக்கம் பார்த்தாள். அங்கே எத்தனை படிகள். ஒரு கால் தவறினால்? அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று நினைத்தாள். ஏறவில்லை. ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்தே இருந்தாள்.

மத்தியானம் ருஜ்ஜெரோ டாக்ஸியில் வந்து இறங்கினார்.

"நான் எழும்பியபோது அறையில் அம்மா இல்லை. நீ கடலுக்குப் போனதாக ஹொட்டேலில் சொன்னார்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு நீ இங்கே என்ன செய்கிறாய்?"

குகனேஸ்வரி சுரிதாரின் மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் லீவில் வந்திருக்கிறேன், சின்யோர் ருஜ்ஜெரோ."

இருவரும் டாக்ஸியில் ஹொட்டேலுக்குத் திரும்பினார்கள். மொட்டைமாடியில் சின்யோரா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் ரொட்டி, தக்காளி, பொரித்த மீன்.

"எங்கே போய்த் தொலைந்தீர்கள் இரண்டுபேரும்? நான் போய் வாங்கிவந்த மீன் ஆறிவிட்டது."

மகன் தாயை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவரவர் மீனுக்கு அவரவரே முள் எடுத்துக்கொண்டார்கள். மிச்ச நாட்களிலும் குகனேஸ்வரி கடலுக்குப் போனாள். புறப்படும் நாளில், "சரி அம்மா, இன்னும் ஒரு வருடம் பலெர்மோவிலேயே இருங்கள்" என்று சொல்லி ருஜ்ஜெரோ மிலானோவுக்கு விமானம் ஏறினார்.

பலெர்மோவுக்கு வந்த மறுநாள் குகனேஸ்வரி அடுப்படியில் துணிகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். சின்யோரா உள்ளே வந்து, மிலானோவரை கேட்டுவிடும் என்பதுபோல ஜன்னலைச் சாத்தினார்.

"நீ முதல்முதல் கடலுக்குப் போன அன்றைக்கு வழி தவறி ஒரு படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், கூகா. அந்தப் படிகளில் ஆள் ஏற்றுகிற ஒரு கழுதைக்காரன்தான் மீனும் வாங்கித் தந்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஹொட்டேல் வாசலில் விட்டான்."