சுரண்டிய இடத்தில் ஒரு பெயர்

இசைப்பள்ளி டைரக்டர் கூல்ட்ஸின் ஒரு கையில் ஈரல் விழுது தடவிய ரொட்டி. மறு கையில் சவர பிளேடு. கடித்தார், சுரண்டினார், மறுபடி கடித்தார். சுரண்டப்பட்டது இசைத்தாள்.

எவால்ட் பிரிங்க்மையர் வாசலிலேயே நின்றார். ஜெர்மனியில், எல்பே நதிக்கரையின் அந்தச் சின்ன ஊர் இசைப்பள்ளியில் இருபத்தாறு வருடமாக இசையமைப்பு சொல்லித்தருபவர். சுரண்டப்படும் பெயர் யாருடையது என்று கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஸீக்பெர்ட் ரோஸனாவ். போன வருடம், 1933 ஏப்ரலில், யூதர் என்ற ஒரே காரணத்துக்காக இதே அறையில் வேலைநீக்கக் கடிதம் வாங்கிய சக ஆசிரியர், எவால்டின் நண்பர்.

"வாங்க புரொபசர். ஞாயித்துக்கிழமை அறுவடை விழாவுக்குக் கட்சிப் பெரியவங்க வர்றாங்க. பசங்களுக்கு உருப்படியாப் பாட வர்றது இந்தக் கோரஸ் ஒண்ணுதான். அந்த ஆள் பேரோட பாட முடியுமா? அதான், உங்க பேரைப் போடுறோம்."

"என் பேரையா?"

"ஏன், கசக்குதா? முப்பத்தொரு பாட்டு அச்சுல வந்திருக்கு உங்களுக்கு. உங்க வீட்டம்மாவைத் தவிர யாராவது ரெண்டாந்தடவை கேட்டிருக்காங்களா?"

வலித்தது. உண்மையாயிற்றே. ஒரு கணம், நானூறு பேர் எழுந்து நின்று தனக்குக் கைதட்டுவதாக எவால்டுக்குத் தோன்றியது. அடுத்த கணம் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"மாட்டேன்னு சொன்னா?"

"சொல்ல மாட்டீங்க. அந்த ஆள் நாற்காலி காலியானதைக் கூடவே இருந்து, வாயைத் திறக்காம பாத்தவராச்சே நீங்க."

கூல்ட்ஸ் முதல் தாளைத் தள்ளினார். சுரண்டிய இடத்தில் எவால்டின் பெயர், மை ஊறி, நசுங்கிய சிலந்தி மாதிரி கிடந்தது.

"எனக்கு எழுத வரல. இதுக்கு ஏதோ கைப்பக்குவம் உண்டாமே? மிச்சத்தை நீங்களே எழுதிடுங்க."

எவால்ட் அடுத்த தாளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுரண்டிய காகிதத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் மை நிற்கும். வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது. பழகிய விரல் தானாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. அவர் கவனித்தபோது பாதி இடம் பளபளத்தது.

நண்பன் இருந்த இடத்தை மெழுகிக்கொண்டிருக்கிறோம்.

மிச்ச இடத்தையும் தேய்த்து முடித்தார். பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார்: ஸீக்பெர்ட் ரோஸனாவ். ஓர் எழுத்துகூட ஊறவில்லை.

கூல்ட்ஸின் தாடை அசைவதை நிறுத்தியது.

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"எழுதினவர் பேரைத்தானே எழுதணும்."

"சரி. விழாவை நடத்திக் குடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமைக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்க."

எவால்ட் அந்தத் தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது தாங்கவில்லை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலையில் குடித்த காபி முழுவதையும் மூலையிலிருந்த குப்பைத் தொட்டியில் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ரோஸனாவ் குடியிருக்கும் தெருவை நோக்கி நடந்தார். பதினேழு மாதமாக அவர் அந்தப் பக்கம் போனதேயில்லை.