கடைசித் தாள் வராத படம்

பேய்ப் படம் பார்க்கிறவர்களைப் போல வாயாடிகளை வேறெங்கும் பார்க்க முடியாது. அதிலும் போலந்தின் ஸானோக் ஊர்க் கலாசார மாளிகையில் வியாழக்கிழமைதோறும் கூடுகிற திரைப்படக் கழகத்தார் இருக்கிறார்களே, அவர்களை மிஞ்ச ஆளில்லை. படம் ஆறு மணிக்கென்றால் ஐந்துக்கே வந்துவிடுவார்கள். வெளிக்கூடத்து மேசையைச் சுற்றி நின்று, எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, அந்த வாரம் பார்த்த படங்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

"அந்த ஸ்பெயின் படம் பாத்தீங்களா? ஒருத்தி ஒரு மணி நேரமா மாடிப்படி ஏறுறா. அவ ஏறி முடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு," என்றார் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் லெஷெக்.

"உங்ககிட்ட ஒரு மணி நேரம் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தவங்களைக் கேளுங்க, பயம்னா என்னன்னு சொல்லுவாங்க," என்றாள் இரேனா. இவள் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவள். எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு மூன்றுக்கு மேல் மதிப்பெண் போட்டதில்லை.

"நான் அந்தப் பழைய ஓநாய் மனுஷன் படத்தைத் திரும்பப் பாத்தேன். ஒட்டுன மயிரு கழுத்துகிட்ட பிரிஞ்சு தொங்குது. ஆனா அவன் அழுதான் பாருங்க, அது நிஜம்," என்று அவளே தொடர்ந்தாள்.

"மயிரு பிரிஞ்சு தொங்கினாத்தான் அது கல்ட் படம், பானி இரேனா! ஒழுங்கா ஒட்டியிருந்தா யாரு இன்னைக்குத் தேடிப் பிடிச்சுப் பாப்பா?" என்றான் கயெதான். வயது இருபத்தாறு, கழகத்தின் புதுத் தலைவன். அக்டோபர் மாதம் முழுக்கப் பேய்ப் படம் போடுவது என்பது அவன் ஏற்பாடுதான். பெண்களைப் 'பானி' என்றும் ஆண்களைப் 'பான்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

போக்னா மட்டும் அன்று வாயைத் திறக்கவில்லை. சாதாரணமாக அவள்தான் முதலில் ஆரம்பிப்பாள். அறுபத்து மூன்று வயதிலும் குரல் கணீரென்று இருக்கும். இன்றோ கசகசாக் கேக்கை முள்ளால் குத்திக்கொண்டே சுவரொட்டியைப் பார்த்தபடி நின்றாள். 'உப்புக் கிடங்கு. இத்தாலி, 1971. புதுப்பிக்கப்பட்ட பிரதி. திரையின் அடியில் போலிஷ் மொழி எழுத்துகளுடன்.' மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

இந்தப் படம் இதே மாளிகையில் 1983 இலையுதிர் காலத்தில் ஒருமுறை ஓடியிருக்கிறது. அப்போதெல்லாம் வெளிநாட்டுப் படத்தின் பெட்டி வரும், கூடவே போலிஷ் மொழியில் தட்டச்சு செய்த வசனத் தாள்கள் வரும். திரையில் எழுத்து எதுவும் இருக்காது. அரங்கத்தின் பின்னால் ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, ஒரு ஒலிவாங்கி. அங்கே உட்கார்ந்து ஆண், பெண், குழந்தை, பேய் எல்லாருடைய வசனத்தையும் ஒரே ஆள், ஏற்ற இறக்கமே இல்லாமல், இஸ்திரி போட்ட குரலில் வாசிக்க வேண்டும். நூலகத்தில் வேலை பார்த்த போக்னாதான் கழகத்துக்கு வாசிப்பவள். அவளுக்கு இத்தாலி மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

படத்தில் ஒரு பெண், அப்பா உள்ளே இருப்பது தெரியாமல் உப்புக் கிடங்கின் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். அவர் உள்ளேயே இறந்துபோகிறார். பிறகு பேயாக வந்து வீட்டைச் சுற்றுகிறார். கடைசிக் காட்சியில் மகள் எதிரே வந்து நின்று வாயைத் திறக்கிறார். அப்போதுதான் போக்னா தாளைத் திருப்பினாள். திருப்ப ஒன்றுமில்லை. கடைசித் தாள் வரவே இல்லை.

பேய் பேசிக்கொண்டே இருந்தது. அரங்கத்தில் இருநூறு பேர் அவள் குரலுக்காகக் காத்திருந்தார்கள். என்ன செய்வாள்? அவள் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டாள்: "நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நீ வரவில்லை. இனி நீ தட்டு. நான் வரமாட்டேன்."

அப்புறம் எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மூன்றாவது வரிசையில் வலேரியன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். சரக்கு ரயில் அலுவலகத்தில் எழுத்தர். அப்போது முப்பத்தேழு வயது. அவருடைய அம்மாவுக்குப் புத்தி தடுமாறியிருந்தது; எந்நேரமும் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போவார். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வியாழக்கிழமை, அப்படிப் பூட்டிவிட்டுக் கழகத்துக்குப் படம் பார்க்க வந்தார். திரும்பிப் போனபோது அம்மா கதவருகே விழுந்து கிடந்தாள். உயிர் இல்லை. ஊருக்கே தெரிந்த கதை இது. போக்னாவுக்கும் தெரியும். ஆனால் ஒலிவாங்கி முன்னால் அந்த நிமிடத்தில் அது அவள் நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வராமல் போனதே பெரிய குற்றம் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அரங்கம் காலியான பின் அவள் மேசைக்கு வந்து, "அது என்னைப் பாத்துச் சொன்ன மாதிரியே இருந்துச்சு, பானி போக்னா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் அன்றே முடிவு செய்தாள். செய்துதான் இருந்தாள். ஆனால் அந்த ஒரு வாரத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. கழகத்தார் தங்கள் கருத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது வழக்கம். அந்த வாரம் சுவர் நிறையச் சீட்டு, அத்தனையும் அந்தக் கடைசி வசனத்தைப் பற்றி. கிராகூவிலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் 'இப்படி ஒரு முடிவை எழுதியவன் மேதை' என்று எழுதிவிட்டார். சாக்லேட்டுக்கும் ரேஷன் கூப்பன் இருந்த காலத்தில் மாளிகையின் இயக்குநர் ஒரு பெட்டி சாக்லேட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். ரொட்டிக் கடை வரிசையில் நின்றால், "பானி போக்னா, அதை ஒருதரம் சொல்லுங்களேன்," என்று கேட்டார்கள். அவளும் சொன்னாள். நான்கு பேர் முன்னால் சொல்லும்போது உடம்பெல்லாம் ஒரு இன்பம் ஓடியதை இன்றைக்கும் அவளால் மறைக்க முடியாது.

அப்புறம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போட்டாள். ஆறப்போட்டது அப்படியே முப்பத்தாறு வருஷம் கிடந்தது. படப்பெட்டி வார்சாவுக்குத் திரும்பிப் போனதோடு சரி, அந்தப் பேய் நிஜத்தில் என்னதான் சொன்னது என்று அவளுக்கும் இன்றுவரை தெரியாது.

"பானி போக்னா."

திரும்பினாள். வலேரியன் நின்றுகொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது, பழுப்புக் கோட்டு, கையில் தொப்பி.

"இந்தப் படத்துக்கு வரவே கூடாதுன்னு நெனச்சேன். கால் தானா வந்துடுச்சு."

"வேணாம்னு தோணினா வேணாம், பான் வலேரியன். வாங்க, எதிர்க் கடையில ஆப்பிள் கேக் நல்லாயிருக்கும். நானும் கூட வரேன்," என்றாள் போக்னா. அவர் மேலுள்ள அக்கறையைவிடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம்தான் அதில் அதிகம். அது அவளுக்கே தெரிந்தது.

"இத்தனை வருஷமா காதுல கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னைக்குக் கண்ணாலயும் படிச்சுடறேன்," என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார். அவளும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பின் வரிசையில் பையன்கள், "ரத்தமா அது, பீட்ரூட் சூப்பு!" என்று கத்த, அரங்கம் சிரித்தது. லெஷெக் பேயின் பல்வரிசையைப் பாராட்டினார். போக்னாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடவுளே, நான் சொன்னதையே அது சொல்லிவிடட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். மறுகணமே, வேண்டாம், வேறெதையாவது சொல்லட்டும் என்று வேண்டினாள்.

கடைசிக் காட்சி வந்தது. பேய் மகள் எதிரே நின்றது. திரையின் அடியில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'கதவைப் பூட்டியது நீ இல்லை, மகளே. ஈரத்தில் தாழ்ப்பாள் தானாக இறுகிக்கொண்டது. கொஞ்சநேரம் தட்டினேன். பிறகு தூங்கிவிட்டேன். வலிக்கவே இல்லை. குளிர்கிறது, நீ உள்ளே போய்ச் சாப்பிடு.'

போக்னா பக்கவாட்டில் பார்த்தாள். வலேரியன் திரை இருண்ட பிறகும் அந்த எழுத்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டதுமே விவாதம் ஆரம்பமாகிவிட்டது. "என்ன முடிவுப்பா இது? பேய் வந்து சாப்பிடச் சொல்லுது! எங்கம்மா தேவலை," என்றான் ஒரு பையன். இரேனா கோபமாக எழுந்தாள். "படத்துல தப்பில்லை. எழுத்து போட்டவங்க கெடுத்துட்டாங்க. நாங்க அன்னைக்குக் கேட்டது இது இல்லவே இல்லை. 'இனி நீ தட்டு, நான் வரமாட்டேன்'. அதான் வசனம்! அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் இப்பவும் எங்கிட்ட அஞ்சுக்கு அஞ்சு!"

"ஆமா, ஆமா," என்றார்கள் பழைய ஆட்கள் எல்லோரும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மொழிபெயர்க்கத் தெரியலை."

வலேரியன் மெல்லக் கையை உயர்த்தினார். கழகத்தில் அவர் பேசுவதே அபூர்வம். "எழுத்துதான் தப்பு," என்றார். "பானி போக்னா வாசிச்சதுதான் சரி. அவங்க கையில தாள் இருந்துச்சு."

இனிமேலும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? போக்னா எழுந்து நின்றாள். அந்தக் கணீர்க் குரல் எங்கேயோ போய்விட்டது.

"என் கையில தாள் இல்லை. கடைசித் தாள் வரலை. அந்த வசனத்தை நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. லெஷெக் தொடையைத் தட்டினார். "அப்போ அந்தக் கிராகூக்காரர் சொன்ன மேதை நீங்கதானா!" கயெதான் மேடையிலிருந்து குதித்தே வந்துவிட்டான். "பானி போக்னா, இதுதான் நிஜமான கல்ட்! உங்க குரல்ல அதை ஒருதரம் பதிவு பண்ணிக்கலாமா?" எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இனித்த அதே கைதட்டல் இப்போது கன்னத்தில் அறைவதுபோல விழுந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

கோட்டு மாட்டும் அறையில் அவரைப் பிடித்தாள். அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பான் வலேரியன், நில்லுங்க. நான் வேணும்னே செய்யலை."

"தெரியுது." அவர் குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு வருஷமும் எல்லாப் புனிதர் நாளைக்கு நான் கல்லறைக்குப் போறேன். எல்லாரும் அவங்கவங்க சொந்தக்காரங்க கல்லைத் தொடச்சு, விளக்கு வெப்பாங்க. நான் வரிசை முனையிலயே நின்னுடுவேன். பக்கத்துல போறவங்க யார்கிட்டயாவது விளக்கைக் குடுத்து, எங்கம்மா கல்லுமேல வெச்சிடுங்கன்னு சொல்லுவேன். 'இனி நீ தட்டு, நான் வரமாட்டேன்'னு சொன்னவங்ககிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"இனி போகலாமே! அடுத்த வெள்ளிக்கிழமைதானே, நானும் வரேன். அவங்க அப்படிச் சொல்லவே இல்லை. இப்ப நீங்களே படிச்சீங்களே."

"படிச்சேன்." அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "அந்தப் பொண்ணோட அப்பா அந்தப் பொண்ண மன்னிச்சாரு. எங்கம்மா ஒண்ணும் சொல்லலையே. நீங்க வாசிச்சதையாவது அவங்க சொன்ன மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன். திட்டினாலும் அம்மா குரல் மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை."

போக்னாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அன்னைக்கு உங்க வாயில அது வந்துடுச்சு. அதுல எனக்கு வருத்தமே இல்லை, பானி போக்னா. எனக்கும் ஒருநாள் கை பாட்டுக்குப் பூட்டைப் போட்டுடுச்சு." அவர் கதவைத் திறந்தார். வெளிக்காற்று சில்லென்று உள்ளே வந்தது. திரும்பாமலே சொன்னார்: "ஆனா அடுத்த வியாழக்கிழமை நான் வந்தேன். அதுக்கடுத்த வியாழக்கிழமையும் வந்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வாரம் விடலை. ஒவ்வொரு தடவையும் நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. இந்த ஊர்ல என்மேல இரக்கப்படறவங்க நீங்க ஒருத்தர்தான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."