தராசில் ஏறாத ப்ரோக்கோலி

சாவினோவின் காய்கறி வண்டியில் நான் கை வைத்தாலே அவன் கும்பிடு போட்டுவிடுவான். ப்ரோக்கோலி என்றால் பூ இறுக்கமாக, கரும்பச்சையாக இருக்க வேண்டும். தண்டின் வெட்டு காய்ந்திருந்தால் அது நேற்றையது. ஒரே ஒரு மொட்டு மஞ்சளித்திருந்தாலும் அவன் மூக்குக்கு நேரே நீட்டுவேன்.

"பாஸ்குவாக்கா, காய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பான்.

"பொண்ணா இருந்தா எப்பவோ வேணாம்னு எழுந்து போயிருப்பேன்டா!"

எவ்வளவு வேண்டும் என்று மட்டும் அவன் கேட்டதே இல்லை. நான் கண்ணால் பார்த்து எடுத்தால் எடுத்ததுதான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் சரியாக இருக்கும்.

இந்தத் திமிரெல்லாம் என் புருஷன் கொசிமோவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றோடு போயிற்று. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள்.

"ப்ரோக்கோலிய நிறுத்த வேணாம்மா. ஆனா வாராவாரம் ஒரே அளவா இருக்கணும். கூடிப்போனா மாத்திரை வேலை செய்யாது, ரத்தம் கட்டிக்கும். திடீர்னு குறைஞ்சா ரத்தம் நீர்த்துப்போயி எங்கயாவது கசிய ஆரம்பிச்சிடும். வழக்கமா எவ்வளவு போடுவீங்க?"

"தேவையான அளவு."

கிராமில் சொல்லச் சொன்னாள். வேறு என்ன சொல்ல? இத்தாலியில் எங்கள் பாரி ஊரில் எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள்.

தராசு வாங்கினேன். தண்டைச் சீவி, தடித்த தோலை எடுத்து, பூவைக் கிள்ளி, அதன் பிறகுதான் நிறுத்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னபடி ஒரு வேளைக்கு இருநூறு கிராம், வாரத்துக்கு இரண்டு வேளை. முள் ஒரு கோடு தாண்டினால் ஒரு பூவை எடுத்து என் வாயில் போட்டுக்கொள்வேன். சின்னக் காது மாதிரிப் பாஸ்தா, எண்ணெயில் கரைந்த பூண்டும் நெத்திலியும், மேலே வறுத்த ரொட்டித் தூள். கொசிமோ முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, காற்று வாங்கி வருகிறேன் என்று சந்தில் இறங்கிவிடுவான். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நான் வேறு உருகிப் போனேன்.

ரத்தப் பரிசோதனையில் மாத்திரை போதவில்லை என்று வந்தது. எங்கள் ஊர்ப் புனித நிக்கோலா மேல் சத்தியம் பண்ணினேன், தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன் என்று. டாக்டரம்மா நம்பி மாத்திரையைக் கூட்டினாள். மறுபடியும் போதவில்லை. மறுபடியும் கூட்டினாள்.

ஒரு நாள் மீன் வாங்கப் போனவள் பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், எதிர்வீட்டு நுன்சியாவின் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் தட்டோடு என் உத்தமன் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் மலையாக ப்ரோக்கோலி!

எங்கள் சந்தில் எவள் அடுப்பில் எது வெந்தாலும் அடுத்த வீட்டுக்கு ஒரு தட்டு போகும், ருசி பார்க்க. வேண்டாம் என்று சொன்னால் முகத்தில் காறித் துப்பியது போல. என் வீட்டுக்குத் தட்டு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். தட்டு வராததால் ஆள் தட்டைத் தேடிப் போயிருக்கிறான்.

"ஒரே ஒரு கரண்டிதான்டி போட்டேன்!" என்றாள் நுன்சியா.

"உன் வீட்டுக் கரண்டியா, மண்வெட்டியா?"

மாடி வீட்டுத் தோனாத்தா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நீயுமா போடற? பாவம் பட்டினின்னு நான்ல தினம் ஒரு வாய் குடுத்தேன்!"

கொசிமோ தலையைத் தூக்கவில்லை. "நீ நிறுத்துப் போட்டா தட்டுதான்டி தெரியுது. பத்தலன்னு சொன்னா அழுவ. அதான் சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே எவளாவது இந்த ஆளுக்குத் தட்டு நீட்டினா, அந்தத் தட்டாலேயே அவ மண்டைய உடைப்பேன்!" என்று சந்தே கேட்கக் கத்தினேன். முன்பு வந்து என் வீட்டில் கிடந்த அவர்கள் தட்டுகளைக் கழுவி வெறுமையாகவே வாசலில் வைத்துவிட்டு வந்தேன். வாங்கிய தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் இங்கே கிடையாது. ஜன்னல்கள் படார் படார் என்று மூடிக்கொண்டன. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டில் கொசிமோவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. துண்டு நனைந்தது, இன்னொரு துண்டும் நனைந்தது. நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள்: "என்னத்தம்மா மாத்தினீங்க?"

சொன்னேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனை தட்டும் தின்ன உடம்புக்குத்தான் நான் மாத்திரைய ஏத்தியிருக்கேன். நீங்க தட்ட மட்டும் நிறுத்திட்டீங்க."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"தெரியும்மா. இப்ப தப்பிச்சிட்டாரு. ஆனா இனிமே நிஜமா எவ்வளவு சாப்பிடுவாருன்னு ஒரே அளவு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி மாத்திரை தர்றேன். அந்த அளவு மட்டும் மாறவே கூடாது."

வெட்கத்தை விட்டு நுன்சியாவின் கதவைத் தட்டினேன். அவள் பாதிதான் திறந்தாள். அழுதிருந்தாள்.

"எவ்வளவு போட்டே?"

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தாள். "முகம் வாடியிருந்தா இவ்வளவு. யாருடி நிறுத்துப் போடுவா, பசிச்ச மனுஷனுக்கு?"

"மறுபடியும் அனுப்புவியா? அளந்து?"

"மாட்டேன் பாஸ்குவா. பயமா இருக்கு. என் கையால ஒண்ணு ஆகிட்டா?" கதவைச் சாத்திவிட்டாள். தோனாத்தா கதவையே திறக்கவில்லை.

இன்று கொசிமோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலையில் போனில் கேட்டான்: "ப்ரோக்கோலி செய்வியாடி? இந்தத் தடவ வயிறு நிறைய?"

சாவினோவின் வண்டிக்குப் போனேன். முதலில் கையில் பட்டதையே எடுத்தேன். நல்ல பூ, இறுக்கமாக, கனமாக இருந்தது. இது கொசிமோவுக்குப் போதுமா, கூடிப்போகுமா? இருநூறில் அவன் வயிறு நிறையாது என்று தராசுக்குத் தெரியாது. எவ்வளவில் நிறையும் என்று எனக்கும் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தேன், திருப்பி வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

சாவினோ கிண்டல் எதுவும் செய்யவில்லை. முதல் முறையாக, மெதுவாகக் கேட்டான்.

"எவ்வளவுக்கா வேணும்?"

"நீயே சொல்லுடா" என்றேன்.