மலையேறிய மலேரியா

மலேரியா என்ற சொல் 'மலை ஏறி' என்பதிலிருந்து வந்தது என்று எழுதி, அட்டையில் என் பெயரையும் போட்டு அச்சடிக்கப் பார்த்தார்கள். மலை ஏறிப் போனவர்களுக்குக் காய்ச்சல் வந்ததாம், அதனால் அந்தப் பெயராம். யாருக்குக் காது குத்துகிறார்கள்? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அச்சகம் என் மாமனாருடையது. மாடியில் வீடு, கீழே அச்சகம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். பிறகு வேலையை விட்டுவிட்டு, கீழே ஜன்னலோரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு ப்ரூஃப் பார்க்க உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பார். ரொம்ப நல்லவர். யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டும் அளவுக்கு நல்லவர். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

எங்கள் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. மாமனாரே போட்டது. புத்தகத்தில் யார் பெயர் வருகிறதோ அவர் ஒவ்வொரு தாளையும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மிஷினில் விழும் முதல் தாளை, மை காய்வதற்கு முன்பே, கையெழுத்துப் போட்டவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சும்மா வந்த சட்டம் இல்லை. மாமனார் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு செய்முறைக் கையேடு அடித்தார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கையேட்டில் அமிலத்தில் தண்ணீரை ஊற்றச் சொல்லி அச்சாகிவிட்டது. எந்தப் பிள்ளையின் கண்ணாவது போயிருக்கும். கடை கடையாக அலைந்து எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கிக் கூழாக அரைக்கக் கொடுத்தார். ஒரே ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு, தப்பைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே தன் பெயரை எழுதி, கண்ணாடி போட்டு மிஷினுக்கு நேர் எதிரே மாட்டினார். வருகிறவர் போகிறவர் எல்லாம் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் அவரிடம் மரியாதை வைத்ததே அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான்.

என் புத்தகத்துக்கும் அந்தத் தாளுக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆங்கிலத்தில் புழங்கும் அறிவியல் சொற்கள் எங்கே பிறந்தன, என்ன பொருள் என்று பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகம் அது. எழுத எழுத எனக்கு ஒன்று பிடிபட்டது. பாதிச் சொற்கள் பழைய தப்புகளைச் சுமந்துகொண்டு திரிகின்றன. மலேரியா இத்தாலிக்காரர்களின் சொல், 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். பிறகு கொசு மாட்டியது, ஆனால் பெயர் மாறவில்லை. ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் 'புளிப்பை உண்டாக்குவது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நினைத்து வைத்த பெயர், அந்த நினைப்பும் தப்பு. அணுவுக்கு ஆங்கிலத்தில் ஆட்டம், அதற்குக் கிரேக்கத்தில் 'வெட்ட முடியாதது' என்று பொருள். வெட்டியே விட்டார்கள்! பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது. தன் தப்பை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இப்படி வெட்கமில்லாமல் நடமாடும் சொற்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

புத்தகம் முடியும் நேரத்தில் அந்த அதிகாரி வந்தார். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர். அவர் பேசினால் சுற்றறிக்கை படிப்பது போல் இருக்கும், அதனால் அச்சகத்தில் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். அவர் தலையசைத்தால் போதும், என் புத்தகம் எல்லாப் பள்ளிக்கும் போய்விடும். மாமனார் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் ப்ரூஃபைப் புரட்டிக்கொண்டே வந்து ஜிங்க் என்ற இடத்தில் நின்றார்.

"என்னம்மா இது, 'பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை'ன்னு போட்டிருக்கீங்க? தெரியலைன்னு சொல்றதுக்கா ஒரு புத்தகம்?"

"தெரியலைங்கறதும் ஒரு தகவல்தான் சார்."

அவர் மாமனார் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "நம்ம மொழிதான் எல்லாத்துக்கும் மூலம்னு நானே கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கேன். ஒரு பத்துப் பதினஞ்சு சொல் தர்றேன். அதைச் சேர்த்துட்டீங்கன்னா குழுவுல ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

அவர் தந்ததைப் படித்துப் பார்த்தேன். அணு ஆடிக்கொண்டே இருக்கிறதாம், அதனால் நம்முடைய 'ஆட்டம்' அங்கே போய் ஆட்டம் ஆகிவிட்டதாம். வைரஸ் நம் எதிரி, அதனால் 'வைரி'யிலிருந்து வந்ததாம். மலேரியா மலையேறிய கதையைத்தான் முன்பே சொன்னேனே. எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். சுற்றறிக்கையின் முகத்தில் ஈயாடவில்லை.

"சேர்க்க முடியாது சார்," என்றேன்.

அவர் போன பிறகு மாமனார் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "சரிம்மா, நீ உன் இஷ்டப்படியே போடு," என்று மட்டும் சொன்னார். நானும் நம்பி, ஒவ்வொரு தாளாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அச்சு தொடங்கும் நாளன்று சுற்றறிக்கையும் வந்து உட்கார்ந்திருந்தார். புத்தகம் அச்சாவதைப் பார்க்க ஆசை என்றார்கள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓட்டுகிறவர், எங்கள் எல்லாருக்கும் மிஷின் அண்ணன், முதல் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், அவர் கால் தானாக என் மேசைக்கு வந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. சூழ்ச்சி செய்தவர்கள் எல்லாவற்றையும் கவனித்தார்கள், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

"பாருங்க டீச்சர், கறுப்பு நல்லா விழுந்திருக்கு," என்றார்.

நல்லாத்தான் விழுந்திருந்தது. கொட்டை எழுத்தில் ஆட்டம், கீழே ஆடும் அணு. பக்கத்தில் மலையேறிய மலேரியா. என் கையெழுத்துக்குப் பிறகு யாரோ பக்கத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

நான் எழுந்துபோய் மிஷினின் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மிஷின் நின்றது.

"ஏங்க, இதை மாத்தினது யாரு?"

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா சொன்னாரு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றார் மாமனார். "எல்லாப் பள்ளிக்கும் போற புத்தகம்மா. நம்ம மொழிக்கு ஒரு பெருமைன்னா உனக்கு ஏன் கசக்குது?"

"பெருமை கசக்கலை மாமா. நம்ம மொழிக்கு அடுத்தவன் சட்டையைத் திருடிப் போட்டுத்தான் அழகு பாக்கணுமா? அதுகிட்டச் சொந்தமா ஒண்ணும் இல்லையா?"

சுற்றறிக்கை தொண்டையைக் கனைத்தார். "அம்மா உணர்ச்சிவசப்படறாங்க. வேணும்னா அவங்க பெயரை எடுத்துடலாம். தொகுப்புன்னு பொதுவாப் போட்டுக்கலாம்."

"எடுத்துடறேன்," என்றார் மாமனார் சட்டென்று. "உன் பேர் வேணாம். அப்ப உனக்கு ஒரு சங்கடமும் இல்லையே?"

இத்தனை நாள் உழைத்து எழுதிய புத்தகத்திலிருந்து என் பெயர் ஒரே வாக்கியத்தில் போனது. வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

"பேரை எடுத்தா பொய் நிஜமாயிடுமா? படிக்கப்போற பிள்ளைக்கு என் பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அது மலேரியாவுக்கு மலை ஏறிட்டுத்தானே இருக்கும்?" தாளின் அடுத்த மூலையை எடுத்துக் காட்டினேன். "இதைப் பாருங்க. கொரண்டம். மாணிக்கமும் நீலமும் எந்தக் கல்லோ அந்தக் கல்லுக்கு உலகம் முழுக்க இதுதான் பேரு. இது நம்ம குருந்தம்ங்கற சொல்லுல இருந்து போனது. ஆங்கில அகராதிக்காரங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க. யாரும் பிச்சை போடலை, நிஜமாவே நம்மளோடது. இத்தனை பொய்க்கு நடுவுல இதைக் கொண்டுபோய் வெச்சா, நாளைக்கு ஒரு பையன் மலேரியாவுல பொய்யைக் கண்டுபிடிச்சுட்டு, இதையும் பொய்யின்னுதானே தூக்கிப் போடுவான்? நீங்க மொழிக்குச் சேர்க்கலை மாமா. இருக்கறதையும் தொலைக்கறீங்க."

மாமனார் மிஷின் பக்கம் திரும்பினார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. "அண்ணே, ஓட்டு," என்றார்.

மிஷின் அண்ணன் கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். "கையெழுத்து இல்லாம எப்படி முதலாளி? நீங்க போட்ட சட்டம்தானே."

"குடு, நானே போடறேன்."

பேனாவைத் திறந்துகொண்டு அவர் மேசைக்கு வந்தார். தடுப்பதற்கு எனக்கு என்ன உரிமை? அச்சகம் அவருடையது, மிஷின் அவருடையது, நான் இருக்கும் மாடியும் அவருடையதுதான். நான் நேரே சுவருக்குப் போனேன். கண்ணாடி போட்ட அந்தப் பழைய தாளை ஆணியிலிருந்து கழற்றி, தூசியோடு கொண்டுவந்து, அவர் கையெழுத்துப் போடப்போகும் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தாராளமாப் போடுங்க மாமா. ஆனா இதை இனிமே இங்க மாட்டாதீங்க. தெரியாம பண்ணின தப்பை ஊரே பாக்கட்டும்னு மாட்டினீங்க. இது தெரிஞ்சே பண்றது. ரெண்டும் ஒரே கூடத்துல இருக்கக் கூடாது."

"ஏய்!" என்று எழுந்துவிட்டார் என் வீட்டுக்காரர். அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றைக்குத்தான். என்னைப் பார்த்துத்தான் உயர்த்தினார், போகட்டும்.

மாமனார் பேனாவைப் பிடித்தபடி கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு வட்டம் வெளுத்துப்போயிருந்தது, கீழே இருந்த அவர் பெயர் வெளுக்கவில்லை. நான் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்பதாகவும் இல்லை. வீட்டை விட்டு அனுப்பினாலும் சரி என்று நின்றேன். எங்கே போவேன் என்பதைக்கூட மனசுக்குள் யோசித்துவிட்டேன், அக்கா வீட்டுக்கு.

"என்ன சார், நேரமாகுது," என்றார் சுற்றறிக்கை.

மாமனார் பேனாவை மூடினார். "பிளேட்டைக் கழட்டு," என்றார் அண்ணனிடம். பிறகு சுற்றறிக்கையிடம், "மன்னிச்சுக்குங்க. இது நடக்காது," என்றார்.

"அப்ப புத்தகம் குழுவுக்குப் போகாது. அதையும் சொல்லிடறேன்."

"போக வேணாம்."

சுற்றறிக்கை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மாமனார் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தார். "சந்தோஷமா? எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டிய புத்தகம். இனிமே உன் அக்காவும் நீயும்தான் படிக்கணும்."

"அக்கா படிக்க மாட்டா மாமா. நான் ஒருத்திதான்."

அவர் சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட பழைய பக்கங்களுக்கு வேறு பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட்டு, முதல் தாள் விழுந்து, அண்ணன் அதை என் மேசைக்குக் கொண்டுவந்து, நான் 'கெட்ட காற்று' என்பதை இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போடும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் எழுந்தார். பழைய கண்ணாடியைத் தோள்துண்டால் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். பிறகு என் மேசையில் கிடந்த கெட்டுப்போன தாளை எடுத்து, என் சிவப்புப் பென்சிலை வாங்கி, மலையேறிய மலேரியாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கீழே தன் பெயரை எழுதினார். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

மகனைக் கூப்பிட்டார். "டேய், இதுக்கும் ஒரு கண்ணாடி போட்டு வாங்கிட்டு வா."

"எங்கப்பா மாட்டறது?"

"அதுக்குப் பக்கத்துல."

"வேணாம் மாமா," என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "அதான் அச்சாகலையே."

"உன் வாயால அச்சாகலை," என்றார். "என் கையால ஆகியிருக்கும். மாட்டுடா."