412-ஆம் எண்ணின் முன்பற்கள்

ஊரிலிருந்த ஏழு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவையும் ஒரு தனியார் கம்பெனியோடு சேர்ந்து நடத்த ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வாய் அரசாங்கத்துடையது, பல் கம்பெனியுடையது என்று கம்பெனிப் பட்டறையில் கேலி பேசுவார்கள். மருத்துவமனையிலிருந்து வாயின் அச்சு வரும், பட்டறையில் பல்செட் ஆகித் திரும்பும். அச்சோடு பெயர் வராது, எண் மட்டும்தான். ஒப்பந்தத்தின் விதி அப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை 412-ஆம் எண் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த பல்செட்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லை. இடப்பக்கக் கோரைப்பல் முனை உடைந்து நின்றது. அவர் பத்து வயதில் எறிந்த கல்லால் உடைந்த அக்காவின் பல் அது. தடுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லித் தம்பியை அடியிலிருந்து காப்பாற்றியவள் அக்கா.

அதே அக்காதான் பதினாறு வருஷத்துக்கு முன், அம்மாவின் சாவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்த தம்பியை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். எவ்வளவு கோபமானாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்டுவாள். அன்று கேட்கவில்லை. பிறகு வீடு மாறிப் போய்விட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவர் ஏங்காத நாள் இல்லை.

அச்சுப் பெட்டி கொண்டுவரும் டிரைவரிடம் விசாரித்தார். "நான் பொட்டி தூக்கறவன் சார். யார் வாய்னு எனக்கென்ன தெரியும்?" என்றுவிட்டார் டிரைவர்.

அக்காவின் முன்பற்களுக்கு நடுவே ஓர் அரிசி நுழையும் இடைவெளி இருந்தது. பல் போன அச்சில் அது தெரியாது, உடன்பிறந்தவனுக்குத்தான் தெரியும். மெழுகில் பற்களைப் பொருத்தும்போது அந்த இடைவெளியை விட்டார். சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார்.

"யாரு ஓட்டை வைக்கச் சொன்னா? திரும்பி வந்தா உங்க தலையிலதான் விடியும்."

வரட்டும் என்றார் பல்செட்காரர்.

மெழுகில் செய்த மாதிரிப் பல்செட், வாயில் வைத்துப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிற்று. பத்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவாக இல்லாவிட்டால்? அக்காவாகவே இருந்து, கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்திருந்தால்?

பதினோராம் நாள் மத்தியானம் பெட்டி திரும்பியது. உள்ளே டாக்டரின் சீட்டு இருந்தது. 'இடைவெளி தவறு, மூடிவிடலாம் என்றேன். நோயாளி மறுக்கிறார், அழுகிறார். அப்படியே முடிக்கவும். செய்தவர் சாப்பிட்டாரா என்று கேட்டு எழுதச் சொல்கிறார்.'

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்துவிட்டு, பதில் போடப் பேனாவை எடுத்தார். பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடமிருந்து பேனாவை வாங்கினார். சீட்டில் பட்டறையின் குறிப்புக்கென்று இருந்த கட்டத்தில் எழுதினார்:

'இன்னும் இல்லை, அக்கா.'