மோதல் இல்லாத அட்டவணை

1

ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்குப் பாராட்டுக் கட்டுரை கேட்டார்கள். எழுத உட்கார்ந்த இடத்தில் கட்டுரை கைநழுவிக் கதையாகிவிட்டது.

"நம்ம பள்ளியில ஒரே சமயத்துல அஞ்சு முன்னேற்றத் திட்டம் ஓடுது சார். ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம பாத்துக்கிறது எங்க ஒருங்கிணைப்பாளர் மேடம்தான். அவங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்றார் தலைமையாசிரியர். நாலென்ன, நானூறு எழுதத் தயாராகத்தான் போனேன்.

முதல் தொடக்கம்: காலைக் கதிரவனின் பொன்னொளி வகுப்பறைகளில்... வேண்டாம். அந்த ஆசிரியர் அறைக்குள் வெயிலே வருவதில்லை.

இரண்டாவது: கல்வி என்பது... இதற்கு மேல் போனால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்.

ஆகவே, அந்த அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன்.

2

அது அவள் கைவேலை. (பள்ளியில் அவர் 'மேடம்'. கதைக்குள் வந்துவிட்டதால் 'அவள்' என்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்க அதுதான் வசதி.)

அவள் வருவதற்கு முன்பு ஒரே பிள்ளையின் ஒரு கையை வாசிப்புத் திட்டக்காரரும் மறு கையைக் கணக்குத் திட்டக்காரரும் பிடித்து இழுக்காத குறைதான். அவள் வாசிப்புக்குப் பச்சை, கணக்குக்கு நீலம், பேச்சுப் பயிற்சிக்குச் சிவப்பு, உடல்நலத்துக்கு ஊதா, மனம்விட்டுப் பேசுவதற்கு மஞ்சள் என்று வண்ணம் பிரித்தாள். பின்தங்கிய பிள்ளைகளை எந்தத் திட்டம் எப்போது வகுப்பிலிருந்து அழைத்துப் போகலாம் என்று கட்டம் கட்டமாக அடைத்தாள். கடைசியில் அடியில் பெரிதாக எழுதினாள்: மோதல் இல்லை. அந்த இரண்டு சொற்களில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அழைத்துப் போகிறவர்கள் வகுப்புக் கதவைத் திறந்து, "கூப்பிடுற பிள்ளைங்க வாங்க" என்பார்கள். நாளடைவில் அதுவே அந்தப் பிள்ளைகளுக்குப் பெயராகிவிட்டது.

அவர்களில் ஒருத்தி அவளுடைய அண்ணன் மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். வாசிக்கத் திணறுகிறாள் என்றதும், நம் பிள்ளைக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஐந்து வண்ணத்திலும் அவளைச் சேர்த்தது அத்தைதான்.

3

ஒரு மாலை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் துணி மடித்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"இன்னைக்கு கிளாஸ்ல என்ன நடத்துனாங்க?"

"எனக்கென்னப்பா தெரியும்?"

"ஏன், கிளாஸுக்குப் போகலையா?"

"போனேன். கூப்பிட்டாங்க. திரும்பி வந்தேன். மறுபடி கூப்பிட்டாங்க."

"பக்கத்துல யாரு உக்காருறா?"

"எனக்கு இடம் இல்லப்பா. அங்க வேற பொண்ணு உக்காந்துட்டா. கூப்பிடுறவங்க பையெல்லாம் ஜன்னலோரம் இருக்கும், என் பையும் அங்கதான்."

அத்தை காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நான் கூப்பிடுற பிள்ளைதானே அத்தை."

(இந்த இடத்தில் வாலுவை அழ வைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. மழை வருகிறது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.)

அண்ணன் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"பாக்குறேண்ணா" என்றாள். காது மடல் சுட்டது. ஐந்து திட்டங்களும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது உண்மைதான். ஐந்தும் சேர்ந்து மோதியது வகுப்போடு. வகுப்பு ஒரு திட்டமில்லை என்பதால் அதற்கு அவள் வண்ணமே கொடுக்கவில்லை. பள்ளியில் பாடம் நடக்கிறது என்பதையே மறந்துவிட்டு அட்டவணை போட்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க, எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

4

முடிவு ஒன்று: மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவள் தவறை ஒப்புக்கொள்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆண்டு மலருக்குக் கச்சிதமாக இருக்கும். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு, நான் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் முதல் ஆளாக வந்து, அட்டவணையில் வாலுவின் பெயரை மட்டும் ஐந்து இடத்திலும் அடித்தாள். வகுப்பாசிரியையிடம் போனாள்.

"அவள இனிமே கூப்பிட மாட்டாங்க டீச்சர். ஒரு இடம் குடுத்துருங்க."

"சரிங்க மேடம். மத்த பிள்ளைங்க?"

"அது... யோசிச்சு செய்வோம்."

இதை நீக்கிவிட்டு வேறு எழுதப் பார்த்தேன். முடியவில்லை. தன் பிள்ளையை மட்டும் வெளியே எடுத்துவிட்டோம் என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

5

அன்று மதியம் கூட்டம். அவளுடைய அட்டவணையை வாங்கிப் போக மற்ற பள்ளிக்காரர்கள் வந்திருந்தார்கள். கூட்ட அறைக்குப் போகிற வழியில் வாலுவின் வகுப்பு. கதவு திறந்தது.

"கூப்பிடுற பிள்ளைங்க வாங்க."

முதலில் எழுந்தது வாலுதான்.

"நீ இல்லம்மா, உக்காரு" என்றார் வகுப்பாசிரியை.

வாலு உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுந்து போவதைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே அத்தையைப் பார்த்து, நன்றியாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள முடியாமல் அத்தை தலை குனிந்தாள். வெட்கம் அப்போதுதான் முழுசாக வந்தது.

கூட்ட அறையில் தலைமையாசிரியர், "மோதலே இல்லாம எப்படி செஞ்சீங்க, நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார்.

எழுந்தாள். "இந்த அட்டவணையில ஒரு..."

இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். நான் நல்லபடியாக முடித்தால் அவளுக்காகப் பரிந்து பேசியதாகும். மோசமாக முடித்தால், பாராட்டு எழுதக் காசு வாங்கப் போன எனக்கு அந்த யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தவர்கள் குறிப்பெடுக்கக் காத்திருக்கிறார்கள். வராந்தாவில் பிள்ளைகள் போகிற சத்தம் அறைக்குள் கேட்கிறது. மீதி வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: ஜன்னலோரத்தில் இப்போது ஒரு பைதான் குறைந்திருக்கிறது.